மடி வேண்டும், கை வேண்டாம்

அழைப்பு குரல் செய்தியாக வந்தது. பிறவியிலேயே காது கேட்காத எனக்கு, ஈப்போவிலிருந்து என் தங்கை கணவர் குமரன் தம் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். அச்சகத்தில் என் பக்கத்து மேசையில் மெய்ப்புப் பார்க்கும் நண்பர் அதைக் கேட்டு, வீணான தாளின் ஓரத்தில் எழுதித் தந்தார்: “மச்சான், பாப்பாவுக்குக் காது குத்துறோம். தாய்மாமன் மடி இல்லாம ஆகாது. கட்டாயம் வந்துருங்க.” அதன் கீழே அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.’

பாப்பா என்பது என் தங்கை செல்வியின் ஒரே மகள். நான்கு வயது. அவளுக்கும் காது கேட்காது. யாழினி என்று பெயர் வைத்த பிறகுதான் அது தெரியவந்தது. ஆக, கேட்காத காதைக் குத்துவதற்குக் கேட்காத மாமன் கடல் தாண்டிப் போகவேண்டும். மாமன் சீராகச் சின்னத் தோடும் பட்டுப்பாவாடையும் வாங்கிக்கொண்டு திருச்சியிலிருந்து கிளம்பினேன்.

தோட்டுக்காக மட்டும் நான் போகவில்லை. யாழினிக்கு இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை என்று எனக்குத் தெரியும். வாயிலும் இல்லை, கையிலும் இல்லை. கையால் பேச அவளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று செல்வியிடம் நேரில் கேட்கப் போனேன். நான்கு வயதுக்கு மேல் ஒரு பிள்ளையை மொழியே இல்லாமல் வைத்திருப்பது என்னவென்று அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

என் கைப்பேசியில், பேசுவதைக் கேட்டு எழுத்தாகக் காட்டும் செயலி ஒன்று இருக்கிறது. திருச்சித் தமிழைச் சுமாராக எழுதும். மலேசியத் தமிழிடம் முதல் நாளே தோற்றுப்போனது. கோலாலம்பூரிலிருந்து வந்த பேருந்து தாப்பா அருகே நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். தேநீருக்காக நிற்கிறது என்று நினைத்து நான் உட்கார்ந்தே இருந்தேன். குளிரூட்டி நின்று வேர்க்கத் தொடங்கிய பிறகு ஓர் அம்மாள் திரும்பி வந்து என்னிடம் ஏதோ சொன்னார். கைப்பேசியை நீட்டினேன். ‘அண்ணே பஸ் ரோசா வேற பஸ் ஏறுங்க லா’ என்று எழுதியது. ரோசாப்பூவுக்கும் பேருந்துக்கும் என்ன உறவு என்று நான் விழிக்க, அவர் சக்கரத்தைக் காட்டிக் கையை விரித்தார். ‘ரோசாக்’ என்றால் மலாயில் பழுது, ‘லா’ பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் அசை என்று பிறகு தெரிந்தது.

ஓட்டுநர் அறிவிப்புச் செய்திருக்கிறார். திருச்சி சந்திப்பில் நடைமேடை மாறும்போதும் இதே கதிதான். ஆனால் அங்கே யாராவது சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இங்குள்ளவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், தொடமாட்டார்கள். மரியாதையாலேயே நான் வண்டியோடு பணிமனைக்குப் போயிருப்பேன்.

குமரனின் வீடு ஈப்போவில் புந்தோங் பகுதியில் இருக்கிறது. முறுக்கும் வறுத்த கடலையும் விற்கும் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். வாசலில் குமரனின் தாயார் என்னை வரவேற்றார். கழுத்து நரம்பு புடைத்ததை வைத்து, உரக்கப் பேசுகிறார் என்று கண்டுகொண்டேன். கேட்காது என்று தெரிந்தவர்கள்தான் எப்போதும் உரக்கப் பேசுகிறார்கள். “வாங்க தம்பி! பசியாறியாச்சா?” என்று எழுதியது கைப்பேசி. அடுத்த வரியையும் அது விடாமல் எழுதியது: “ஊமை மாமா வந்துட்டாரு, பாப்பாவைக் கூப்புடு.”

செல்வி என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அங்கே யாரும் இல்லை. உடனே அவள் கைகள் பறந்தன. அம்மா எப்படி இருக்கிறாள், முழங்கால் வலி எப்படி, தெருமுனை வேப்பமரத்தை ஏன் வெட்டினார்கள். எங்கள் கைமொழியை அவள் நடக்கத் தொடங்கியபோதே கற்றுக்கொண்டவள். கடை, மருத்துவர், பள்ளி வாத்தியார் என்று எல்லோரிடமும் எனக்காகப் பேசியவள். திருச்சியில் எத்தனையோ பேர் அவளையும் செவிடு என்றே நினைத்தார்கள். அவ்வளவு அழகாகப் பேசுவாள் கையால். இப்போதும் வேகம் குறையவில்லை.

அதே கைகளால்தான் இதையும் சொன்னாள்: “யாழினி முன்னால் கை வேண்டாம்.”

ஏன் என்று கேட்டேன். பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லியிருக்கிறாளாம், கை பழகினால் நாக்கு சோம்பிவிடும் என்று. அதோடு மாமியார். செல்வியின் கல்யாணத்தின்போது, எனக்குக் காய்ச்சலில் காது போனது என்று எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு காய்ச்சல் எனக்கு வந்ததே இல்லை. யாழினி பிறந்த பிறகு மாமியார் அந்தக் காய்ச்சலை நம்புவதை நிறுத்திவிட்டார். ‘ஒங்க வீட்டு ரத்தம்’ என்று சொல்லிக்காட்டுகிறாராம். பிள்ளை கையை ஆட்டினால் அந்த ரத்தம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

“பிறகு என்னை எதற்கு வரச்சொன்னாய்?”

“மடிக்கு.”

“மடி வேண்டும், கை வேண்டாமா?”

வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

இரவுச் சாப்பாடு கோழிக் குழம்பும் சம்பல் என்னும் மிளகாய் விழுதும். நல்ல ருசி. மேசையைச் சுற்றிப் பேச்சு ஓடியது. குமரன் ஏதோ சொன்னார், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன என்று செல்வியைப் பார்த்தேன். “அப்புறம் சொல்றேண்ணே” என்று உதடு அசைந்தது. கேட்காதவர்கள் எல்லோருக்கும் அந்த ‘அப்புறம்’ தெரியும். அது வரவே வராது. எதிரே யாழினி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் சிரித்து முடிக்கும் தறுவாயில் தானும் பல்லைக் காட்டினாள். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் சிரித்துவருகிறேன்.

மறுநாள் ஊர் பார்க்க வாடகைக் கார் பிடித்துக் கொடுத்தார்கள். முன்னிருக்கையின் முதுகில் ஓர் அட்டை தொங்கியது: ஓட்டுநருக்குக் காது கேட்காது, தட்டி அழைக்கவும். நான் அவர் தோளைத் தட்டி என் காதைக் காட்டித் தலையாட்டினேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சீனர், ஏறக்குறைய என் வயது. தாடையில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பை விரலால் வரைவதுதான் கைமொழியில் அவர் பெயர். என் பெயர் காதில் பேனா செருகுவது. என் காதுக்கு இருக்கும் ஒரே உபயோகத்தை அது சொல்கிறது என்று விளக்கினேன். ரசித்தார்.

நாங்கள் உலகமெங்கும் ஒரே கையைத்தான் பேசுகிறோம் என்று காது கேட்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. அவர் கையில் ‘அம்மா’ வேறு, என் கையில் ‘அம்மா’ வேறு. அவருடைய நேற்று எனக்கு நாளை மாதிரி தெரிந்தது. ஆனாலும் சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டிப் பழைய நகரத்துக்குள் நுழைவதற்குள் பாதி புரிந்தது. முளைகட்டிய பயறும் வேகவைத்த கோழியும் விற்கும் கடைக்கு அழைத்துப் போனார். பயறு ஒவ்வொன்றும் சுண்டுவிரல் மாதிரி குண்டு. ஈப்போத் தண்ணீரின் மகிமை என்றார். பிறகு வெள்ளைக் காப்பி. பெயர்தான் வெள்ளை, நிறம் நம் ஊர்க் காப்பிதான். சுவை கொஞ்சம் கூடுதல் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, ஆனால் உண்மை.

யாழினியைப் பற்றிச் சொன்னேன். எத்தனை சொல் தெரியும் என்று கேட்டார். மூடிய கைமுட்டியைக் காட்டினேன். தழும்புக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கையால் பாடம் சொல்லும் பள்ளி இந்த மாநிலத்திலேயே இருக்கிறது, அழைத்து வா என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேட்காதவர்கள் கூடுகிறார்கள், பிள்ளைகளும் வருவார்கள், விளையாடட்டும் என்றார். தன் மகள்களுக்குக் காது கேட்கும், ஆனால் அப்பாவிடம் சண்டை போடுவதற்காகவே கை கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பும் வழியில் புந்தோங்கில் முறுக்கு வாங்கினேன். கடைக்காரர் கேட்டதைக் கைப்பேசி இப்படி எழுதியது: ‘அண்ணே தப்பா?’ நான் என்ன தப்புச் செய்தேன் என்று பதறி முறுக்கை மறுபடி தட்டில் வைத்தேன். அவர் நெகிழிப் பையை உயர்த்திக் காட்டினார். ‘தாப்பாவ்’ என்றால் கட்டிக்கொண்டு போவதாம்.

அன்று மாலை சமையலறையில் செல்வியிடம் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“அங்கே போனால் அப்படியே ஆகிவிடுவாள்.”

“எப்படி?”

வெங்காயத்தை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். கையில் கத்தி இருக்கும்போது பதில் சொல்லவேண்டியதில்லை.

காதுகுத்து அன்று காலையில், கிளம்புவதற்கு முன், கூடத்தில் பாடம் நடந்தது. யாழினியின் இரண்டு காதிலும் கருவி. செல்வி அவள் முன்னே மண்டியிட்டுத் தன் வாயைக் காட்டினாள்: “அம்மா. சொல்லு, அம்மா. அம்மா எங்க?”

யாழினி கவனமாகப் பார்த்தாள். பிறகு குமரனைச் சுட்டினாள்.

கூடம் குலுங்கியது. குமரன் மீசையை நீவிக்கொண்டார். மாமியார் சொன்னது கைப்பேசியில் வந்தது: “பாத்தியா, எம் பேத்திக்கு அப்பாதான். அம்மாக்காரி பத்து மாசம் சும்மா தூக்கிட்டு அலைஞ்சா லா!”

செல்வியின் முகம் சுருங்கியது. மறுபடி, இன்னும் பெரிதாக வாயைத் திறந்தாள். மறுபடியும் குழந்தை அப்பாவையே காட்டியது. குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா, அப்பா இரண்டுக்கும் உதடு ஒன்றுதான். திறக்கும், மூடும், திறக்கும். மூடிய உதட்டுக்குள் நடக்கும் வேறுபாட்டைக் காது மட்டுமே அறியும். உதட்டை மட்டும் பார்த்தால் தமிழ்ப் பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் ஒருவரே. கருவி வித்தியாசம் காட்டும் என்றால் இத்தனை மாதத்தில் காட்டியிருக்கவேண்டும்.

செல்வி சலித்துப்போய்ப் பாவாடையை எடுக்க உள்ளே போனாள். யாழினி என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்லப்பட்டது நினைவில் இருந்தது. இருந்தும் செய்தேன். செல்வி போன அறையைக் காட்டி, என் மூக்கின் பக்கவாட்டில், மூக்குத்தி இருக்கும் இடத்தில், விரலை வைத்தேன். அம்மா. குமரனைக் காட்டி மீசையை முறுக்கினேன். அப்பா. அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கையில் அவை இரண்டு சொற்கள்.

குழந்தை தன் இல்லாத மீசையை முறுக்கிவிட்டுக் குமரனைப் பார்த்தாள். மூக்கில் விரலை வைத்துவிட்டு அறைவாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பூட்டிய வீட்டில் நெடுநாள் இருந்தவள் கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டது போல இருந்தது. நான் கோமாளித்தனம் செய்வதாக நினைத்து மாமியார் சிரித்தார். செல்வி வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காது குத்தும் கோயில், தெலுக் இந்தான் என்ற ஊருக்குப் போகும் வழியில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் இருக்கிறது. குமரனின் தாயார் அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். இப்போது ரப்பர் ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கு எட்டியவரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஆட்கள் குடியிருந்த லயங்களும் இல்லை. மாரியம்மன் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே தனியாக நிற்கிறாள். விசேஷ நாளில் ஈப்போவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் காரில் வந்து கும்பிட்டுப் போகிறார்கள். வீடுகளை இடித்தது வருத்தமாக இல்லையா என்று எழுதிக் காட்டிக் கேட்டேன். மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “நல்லதுலா தம்பி. பாம்புக்கும் நமக்கும் ஒரே வீடு. அஞ்சு புள்ளைய இங்கதான் பெத்தேன். ஒண்ணுக்கும் ஒரு கொறையும் இல்ல.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் காதைப் பார்த்தார்.

முதலில் மொட்டை. தண்ணீர் படும் என்று யாழினியின் கருவிகளைக் கழற்றிக் குமரன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மொட்டை முடிந்து சந்தனம் பூசிய பிறகும் அவை பையிலேயே இருந்தன. கருவி இல்லாமல் அவளுக்கு இடி விழுந்தாலும் தெரியாது. காதுகுத்து என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்கு அந்த வீட்டில் ஒரு மொழியும் இல்லை.

என்னைப் பாயில் உட்கார்த்தி அவளை என் மடியில் வைத்தார்கள். கைப்பேசியை வெற்றிலைத் தட்டின் அருகே வைத்தேன். காது குத்தும்போது மாமனுக்கு வேலை ஒன்றுதான்: பிள்ளை துள்ளாமல் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொள்வது. ‘கையைப் புடிங்க’ என்று ஆசாரி சாடை காட்டினார். பிடித்தேன். நான் படித்த பள்ளியில் எங்கள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்வார்கள். வாய் பேசப் பழக வேண்டுமாம். ஐந்து வருடம் கைமேல் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. இப்போது என் முறை.

வலது காதில் ஊசி இறங்கியது. அவள் உடம்பு முழுவதும் என் மார்பில் மோதியது. சத்தம் எனக்குத் தெரியாது. அவள் முதுகின் நடுக்கம் தெரிந்தது. சுற்றிலும் பற்களாகச் சிரித்த முகங்கள், தட்டும் கைகள். அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். செல்வி பார்க்கச் சகிக்காமல் எல்லோருக்கும் பின்னால் தள்ளி நின்றாள்.

குழந்தையின் வலது கை என் பிடிக்குள் முறுக்கியது. ஆசாரியைத் தள்ளுவதற்கான முறுக்கல் இல்லை அது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். விட்டேன்.

யாழினி விரலை மூக்கின் பக்கத்தில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அழுதுகொண்டே, சுற்றி நின்றவர்களை எல்லாம் பார்த்து, திரும்பத் திரும்ப.

அம்மா. அம்மா. அம்மா.

தட்டருகே கைப்பேசியில் வரி ஓடியது. மாமியாரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. “மூக்கும் குத்தணுமாம் பாரு லா! காது மட்டும் பத்தாதாம் இந்த மகாராணிக்கு!” எல்லோரும் சிரித்தார்கள். ஆசாரிகூட ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கூட்டத்தில் அந்தச் சொல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் மகளின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து மடியைத் தளர்த்தினேன்.

செல்வி குனிந்தாள். சேலைத் தலைப்பால் யாழினியின் மூக்கைத் துடைத்தாள், சளி ஒழுகினால் துடைப்பதுபோல. பிறகு அந்தச் சின்னக் கையை மூக்கிலிருந்து எடுத்து என் கைக்குள் திரும்ப வைத்தாள். “புடிச்சுக்கண்ணே. ஒரு காது பாக்கி இருக்கு.”

பிடித்துக்கொண்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டாவது காதையும் குத்தினார்கள்.

ஊர் திரும்பும் நாளில் பேருந்து நிலையத்துக்குச் செல்வி மட்டும் வந்தாள். குமரனுக்கு வேலை. யாழினியைக் கொண்டுவரவில்லை. காது வீங்கியிருக்கிறது, வெயில் ஆகாது என்றாள். முறுக்குப் பொட்டலமும் காப்பித்தூளும் நிறைந்த பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே வை என்று சாடை காட்டினேன். வைக்கவில்லை.

“கோயிலில் அவள் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியும்” என்றேன் கையால்.

“மூக்கு ஒழுகுச்சுண்ணே” என்றாள். வாயால் சொன்னாள். பிறந்ததிலிருந்து என்னோடு இருந்தவள், அவள் வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் என்னிடம் வாயை மட்டும் வைத்துப் பேசியது அன்றைக்குத்தான் முதல்முறை. புரியாததுபோல் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள், நிறுத்தி, தெளிவாக, யாழினிக்குச் சொல்வதுபோல உதட்டை விரித்து.

பெட்டியைத் தரையில் வைத்தேன். நிலையத்தில் நல்ல கூட்டம். என் கைகளை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, எவ்வளவு பெரிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பெரிதாகச் சொன்னேன்: “அவள் உன்னைக் கூப்பிட்டாள். நான்கு வருடத்தில் முதல்முறையாக உன்னைக் கூப்பிட்டாள்.”

செல்வி என் கைகளைப் பார்க்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தாள்.